தப்பான காரைத் திறந்தேன்

உங்கள் கார் வளைவில் பறந்துபோய்ச் சுவரில் மோதினால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? டயரையா, மோட்டாரையா, பக்கத்து லேனில் ஓட்டுகிறவரையா?

சொல்ல வேண்டாம். மூன்றையும் திட்டுவீர்கள். நானும் திட்டியிருக்கிறேன். மூன்று வருடம் இந்தப் பொம்மைக் கார் டிராக்கைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் தப்பு அந்த மூன்றிலும் இருக்காது.

போன ஞாயிறு மண்டபச் சாவியையும் டைமிங் லேப்டாப்பையும் கிளப்பை இனி நடத்தப்போகிற உங்கள் மூன்று பேர் கையில் கொடுத்துவிட்டேன். இருபத்தாறு வயதில் ரிட்டயர்ட். பென்ஷன் கிடையாது. மாலை போட்டீர்கள், அதுவும் கோயிலில் மிச்சமான மாலை. திங்கட்கிழமை நீலாயில் வேலைக்குச் சேர்கிறேன், ஷிப்ட் வேலை, இனி ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொந்தமில்லை. அதனால் மொத்தமாக எழுதி அனுப்பிவிடுகிறேன். நீளமாக இருக்கிறது என்று எவராவது குரூப்பில் கொட்டாவி முகம் போட்டால், ஒரு வருடத்துக்கு அவருக்கு நான்காவது லேன்தான். நான்காவது லேன் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

டிராக்கை எப்படித் துடைப்பது, எந்த ஒயர் எங்கே போகும், எந்தப் பிரிவுக்கு எத்தனை நிமிடம், எல்லாம் அந்த நீல ஃபைலில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஃபைலில் இல்லாத விஷயம் ஒன்றுதான். மண்டபம் நிறைய ஆள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இந்தக் கார் மட்டும் எப்படி நல்லா ஓடுது?" என்று ஒருவர் கத்தினால் என்ன செய்வது? நான் ஒருமுறை தப்பாகச் செய்தேன். அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும். அவர்களை உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியாது.

முதல் ஆள் ஸ்டெல்லா அக்கா. ராசாவில் வீடு, நீலாய் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் இங்கே வந்த முதல் வாரத்திலேயே அவரிடம் மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்திருந்தேன், தலையில் கொம்பு முளைத்திருந்தது. கிளப்பின் பதினாறு காரையும் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேல்கூடு லொடலொடவென்று ஆடியது. எங்கள் வீட்டில் எது ஆடினாலும் முடுக்கு என்பதுதான் சட்டம். மோட்டார் சைக்கிள், ஃபேன், கட்டில், எதுவானாலும். உட்கார்ந்து பதினாறு காரின் ஸ்க்ரூக்களையும் கை வலிக்க முடுக்கினேன். அன்று மதியம் எல்லாக் காரும் வளைவில் தவளை மாதிரி குதித்தன. ஒன்றுகூட ஒரு சுற்று முழுதாகப் போகவில்லை.

ஸ்டெல்லா அக்கா தன் காரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இத யாரு இப்படி முடுக்குனது?"

"நான்தாங்க்கா. லூசா ஆடுச்சு."

"ஆடணும் லா. தண்டவாளம் மாதிரியா இருக்கு இந்த டிராக்? மூட்டுக்கு மூட்டு மேடு. அந்த அதிர்ச்சிய மேல்கூடு வாங்கிக்கணும், டயருக்குப் போவக் கூடாது. நீ பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறப்ப முட்டிய விறைப்பாவா வச்சுக்குவ?"

ஸ்க்ரூவை அரைத் திருப்பு பின்னால் திருப்பினார், காரை வைத்தார், கண்ட்ரோலரை அழுத்தினார். தண்ணீர் மாதிரி போனது. பதினாறையும் மறுபடி நான்தான் தளர்த்தினேன். யாரும் உதவிக்கு வரவில்லை, ரொம்பச் சிரித்தார்கள்.

அவர் ஓட்டுவதைக் கவனித்தால் ஒன்று தெரியும். மனுஷி வேகமாக ஓட்டுவதே இல்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்று மாதிரியே இருக்கும். லேப்டாப்பில் அவர் நேரங்களைப் பார்த்தால் யாரோ ஒரே எண்ணைக் காப்பி பேஸ்ட் செய்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் மேசையில் டேப்பைப் பசை மேலே பார்த்து ஒட்டி, அதில் பின் டயர்களை நாலு உருட்டு உருட்டுவார். தூசி டேப்பில் போய்விடும், ரப்பர் பிடிக்கும். நாம் எல்லோருமே அதைச் செய்கிறோம், அவர் ஒருமுறைகூட விட்டதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டாவது ஆள் மணியண்ணன். ரந்தாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நல்ல மனிதர், வாய் மட்டும் ஹார்ன் மாதிரி. ஒருமுறை பெரிய மோட்டார் ஒன்றை வரவழைத்து மாட்டிக்கொண்டு வந்தார். நேர்க்கோட்டில் அந்தக் கார் கண்ணுக்கே தெரியவில்லை. முதல் வளைவில் தெரிந்தது, ஆகாயத்தில். போய் விழுந்த இடம் டீ மேசையில் இருந்த மைலோ டின்.

"அலாமாக், டிராக் சரியில்ல தம்பி," என்றார்.

"டிராக் சரிதான்ணே. உங்க கார் ஏர்போர்ட்டுக்குப் போவப் பாக்குது."

நம் டிராக்கில் நேர்க்கோடு எத்தனை அடி? நான்கு எட்டு வைத்தால் முடிந்தது. மீதியெல்லாம் வளைவு. வளைவில் டயர் பிடிக்க வேண்டும், அடியில் இருக்கும் துடுப்பு டிராக்கின் பள்ளத்துக்குள் முழுசாக இறங்கியிருக்க வேண்டும், எடை கீழே இருக்க வேண்டும். மோட்டார் கடைசி. இதைச் சொன்னால் மணியண்ணன் தலையாட்டுவார், அடுத்த மாதம் இன்னும் பெரிய மோட்டார் வாங்கி வருவார்.

சரி, இப்போது கதைக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது. நீங்கள் அப்போது இல்லை.

அது ஜொகூர் போட்டிக்கு ஆள் எடுக்கும் பந்தயம். கிளப்புக்கு இரண்டே சீட். ஸ்டெல்லா அக்கா அதற்கு முந்தைய மூன்று வருடமும் மூன்றாவதாக வந்தவர். மூன்று முறையும் வேன் கிளம்பும்போது கை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர். இந்த வருடம் கிடங்கில் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்திருந்தார். "கெடைக்கலன்னாலும் லீவு லீவுதான், வீட்டுல படுத்துத் தூங்குவேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை.

இன்னொரு சங்கதியும் தெரிய வேண்டும். நம் டிராக்கில் காருக்கு மின்சாரம் கொடுக்கும் தகடு இரும்பு. காருக்கு அடியில் காந்தம் ஒட்டினால் அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வளைவில் கார் கவிழவே கவிழாது. குரங்குகூட ஓட்டலாம். அதனால்தான் காந்தம் கூடாது என்பது கிளப்பின் முதல் விதி. காந்தத்தோடு பிடிபட்டால் இரண்டு வருடம் உள்ளே வர முடியாது, பெயர் பலகையில் ஏறும். இதுவரை அந்தப் பலகையில் எந்தப் பெயரும் ஏறியதில்லை.

பந்தயம் ஞாயிறு. அதற்கு மூன்று நாள் முன்னால் ஆயுத பூசை. பூசை ஏற்பாடு யார்? நான். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். லாரிக்குச் செய்கிறோம், பஸ்ஸுக்குச் செய்கிறோம், நம் கார்களுக்கு ஏன் கூடாது? பக்கத்துக் கோயில் பூசாரியைக் கூப்பிட்டேன். பதினைந்து காரையும் வாழை இலையில் வரிசையாக வைத்தேன். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சை பெரிதாக இருந்தது, அதனால் கோலிக்குண்டு அளவு லிமாவ் கஸ்தூரி வாங்கி வந்தேன், அளவு கச்சிதம். காலால் மிதிக்க முடியாது, கட்டை விரலால் நசுக்கினோம். வீடியோ எடுத்துப் போட்டேன், குரூப்பில் இதயமாகக் கொட்டியது.

ஸ்டெல்லா அக்காவின் கார் மட்டும் இல்லை. அன்று அவருக்குப் பகல் ஷிப்ட், கார் பெட்டி அவரோடு போய்விட்டது. அவர் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனால் காரணம் அது இல்லை. போன வருடம் அவர்தான் கடலை அவித்துக் கொண்டுவந்தார்.

லாரிக்கு எப்படிப் பொட்டு வைப்போம்? முன்கண்ணாடியில், பிறகு நான்கு சக்கரத்திலும். நானும் அப்படியே செய்தேன். சந்தனம், அதன்மேல் குங்குமம், கொஞ்சம் விபூதி. பதினைந்து கார், அறுபது சக்கரம். என் கட்டை விரல் தேய்ந்தே போனது. பூசை முடிந்ததும் டிராக்கைச் சுத்தமாகத் துடைத்தேன். பொறுப்பானவன் இல்லையா? ஃபைலில் டிராக்கைத் துடை என்று போட்டிருக்கிறது. காரை யாரும் துடைக்கவில்லை. வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா?

ஞாயிறு காலை மழை. முதல் பிரிவு ஓடும்போதே கார்கள் வழுக்கின. பின்பக்கம் ஆடிக்கொண்டு வளைவில் அகலமாகப் போயின. "ஈரக்காத்து லா," என்றேன் எல்லோரிடமும். நானே நம்பினேன். ஆளாளுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

ஸ்டெல்லா அக்கா வந்தார். டேப்பில் டயரை உருட்டினார். ஓட்டினார். நான்கு லேனும் ஓடி முடித்தபோது இரண்டாவது ஆளைவிட ஆறு சுற்று முன்னால் இருந்தார். ஆறு! நம் கிளப்பில் ஒரு சுற்று வித்தியாசத்துக்கே கட்டிப் பிடித்துக் குதிப்போம்.

யாரும் கை தட்டவில்லை. மணியண்ணன் எழுந்தார்.

"தம்பி, அந்தக் கார தொறந்து பாரு."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? இதே மழ, இதே டிராக்கு. எங்க எல்லாருக்கும் வழுக்குது. அதுக்கு மட்டும் வழுக்கல. அடியில என்னமோ இருக்கு."

ஸ்டெல்லா அக்கா கண்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"மணி, வாய அளந்து பேசு. என் டைம் போன மாசம் என்னவோ அதேதான் இன்னிக்கும். போர்டுல பாரு."

"அதத்தான் நானும் கேக்கிறேன். எல்லாருக்கும் கொறஞ்சிருச்சு, உனக்கு மட்டும் எப்படிக் கொறையாம இருக்கு?"

இந்த இரண்டு வரியையும் இன்னொருமுறை படியுங்கள். பதில் முழுக்க அங்கேயே இருக்கிறது. நான் அந்த இடத்தில் நின்றேன், காதில் விழுந்தது, ஒன்றும் ஏறவில்லை. பின்னாலிருந்து "தொற தொற" என்று சத்தம். ஒருவர், "மடியில கனம் இல்லைன்னா காட்ட வேண்டியதுதான?" என்றார். நான் என்ன செய்தேன்? சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் போனேன்.

"அக்கா, ஒரு ஃபார்மாலிட்டிதான். குடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. காரைக் கொடுத்தார்.

எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினேன். மேல்கூட்டைத் தூக்கினேன். மோட்டார், கியர், ஒயர். காந்தம் வைக்கும் குழி காலி. பக்கத்தில் ஈயத் துண்டு ஒன்று, எடைக்கு, விதிப்படி. வேறு ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

மணியண்ணன் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து காரின் பக்கத்தில் நீட்டினார். ஊசி டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"ஆ! பாத்தீங்களா? பாத்தீங்களா?"

மண்டபமே "ஓ" என்றது. ஒரு ஆன்ட்டி வாயில் கை வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா அக்காவின் முகம் வெளுத்தது. எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகுதான் படித்தது ஞாபகம் வந்தது.

"அண்ணே, மோட்டாருக்குள்ளயே காந்தம் இருக்கும்ணே. காந்தம் இல்லாம இந்த மோட்டார் சுத்தாது. ஊசி மோட்டார்லதான் ஒட்டியிருக்கு."

"யாருகிட்ட கத வுடுற?"

"உங்க காரக் குடுங்க."

அவர் காரை வாங்கி ஊசியை நீட்டினேன். ஒட்டியது. இன்னும் பலமாக ஒட்டியது, பெரிய மோட்டார் இல்லையா. யாரோ பின்னாலிருந்து, "மணி, நீயும் ரெண்டு வருசம் வீட்டுல இருய்யா!" என்று கத்த, மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி."

"அக்கா?"

"எல்லார் முன்னாடியும் தொறந்தல்ல? எல்லார் முன்னாடியும் நீயே மூடு."

மணியண்ணன் காரைக் கீழே வைத்துவிட்டு அவர் காரை எடுத்தேன். மேல்கூட்டை வைத்து ஸ்க்ரூவைப் போட்டேன். அரைத் திருப்பு தளர்த்த வேண்டும் என்று நினைத்துக் கையைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. என் கட்டை விரல் மஞ்சளாக இருந்தது.

ஸ்டெல்லா அக்கா காரின் டயர் கருப்பு. சுத்தக் கருப்பு. மணியண்ணன் காரை மறுபடி எடுத்து டயரில் விரலை வைத்துத் தேய்த்தேன். மஞ்சள், சிவப்பு, சாம்பல். காய்ந்த சந்தனம் மாவாக உதிர்ந்தது. அடுத்த காரை எடுத்தேன். அதே மாவு. பிறகு மேசை ஓரத்தில் ஸ்டெல்லா அக்கா ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன். டிராக்கில் மற்றவர்கள் உதிர்த்ததை அவர் டயர் பொறுக்கி வந்திருக்கிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அவர் அதை டேப்பில் விட்டிருக்கிறார். நான்கு வரி மஞ்சள் கோடு. மற்ற பதினைந்து பேர் டேப் பக்கமே போகவில்லை. பொட்டு அழிந்துவிடுமே!

விளங்கியதா? அவர் கார் வேகமாகவில்லை. போன மாதம் மாதிரியேதான் ஓடியது. மற்ற பதினைந்தும் மாறியிருந்தன. நான் திறக்க வேண்டியது மாறின காரை. மாறாத காரைத் திறந்து, அதன் சொந்தக்காரரைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினேன்.

இப்போது இதைச் சொல்ல வேண்டும். எங்கே? கோயிலை ஒட்டிய மண்டபத்தில். பூசாரி டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பூசை செய்ததால் கார் ஓடவில்லை, பூசைக்கு வராத கார் ஓடுகிறது என்று ஒருவர் காதில் விழுந்தால் கதை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வாரம் ரந்தாவ் முழுக்க வேறு கதையாக ஓடும். ஈரக்காற்று என்றே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். விட்டால் ஸ்டெல்லா அக்காவின் பெயர் என்ன ஆகும்? காந்தம் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே, இல்லை என்று யார் சொன்னது? ஆயுசுக்கும் பேசுவார்கள்.

விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"தப்பு என்மேலதான். நான்தான் டயர்ல சந்தனம் பூசுனேன். எல்லா காருலயும். அது காஞ்சு மாவாயி வழுக்குது. அக்கா கார் அன்னிக்கு இல்ல, அதான் அது வழுக்கல."

ஒரு பெரியவர், "அதுக்கு? பொட்ட அழிக்கச் சொல்றியா? அபசகுனம்ப்பா," என்றார்.

பூசாரிதான் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, கோயிலுக்கு வந்தா நெத்தியில பூசிக்கிறீங்க. வீட்டுக்குப் போயி குளிக்கிறதில்லையா? மூணு நாளாச்சு. காரக் குளிப்பாட்டுங்கடா."

அவ்வளவுதான். பிரச்சினை தீர்ந்தது. போங்கள், அந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், நான் இன்னும் கொடுக்கவில்லை.

பதினைந்து பேரும் பல் பிரஷ், ஈரத் துணி, டேப் என்று உட்கார்ந்து டயரைத் தேய்த்தார்கள். கியருக்குள் குங்குமம் போயிருந்தது, அதையும் எடுத்தார்கள். நான் டிராக்கை இன்னொருமுறை துடைத்தேன்.

ஆனால் விஷயம் முடியவில்லை. ஓடி முடிந்த சுற்றுகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டலாம். பதினைந்து பேருக்கு நியாயம். ஆறு சுற்று முன்னால் இருந்தவருக்கு? அப்படியே விட்டால் அவருக்கு நியாயம், என் கட்டை விரலால் கெட்ட பதினைந்து பேருக்கு அநியாயம்.

ஸ்டெல்லா அக்காவே சொன்னார். "எல்லாத்தையும் அழி தம்பி. மொதல்லேருந்து ஓட்டு. எனக்கு ஒண்ணுமில்ல."

சத்தியமாக, "சரிக்கா" என்று சொல்லிவிட வாய் துடித்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள், எனக்குத் தலைவலி தீர்ந்திருக்கும். இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒருவர் ரோஷத்தில் விட்டுக்கொடுத்தால், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர் ஏற்கெனவே என்னால் ஒருமுறை அசிங்கப்பட்டாயிற்று. மறுபடி ஓடி ஒருமுறை கார் கவிழ்ந்து நான்காவதாக வந்தால்? வேன் கிளம்பும், அவர் கை ஆட்டுவார், நான்காவது வருடம். செய்த தப்பு என்னுடையது, அதற்கு அவர் சீட்டை வைத்து விளையாட எனக்கு என்ன உரிமை?

"இல்லக்கா. உங்க ரிசல்ட் நிக்குது. ஜொகூருக்கு ஒரு சீட்டு உங்களுது. கப்பும் உங்களுது. மத்த பதினஞ்சு பேரும் இன்னொரு சீட்டுக்குத் திரும்ப ஓடுறாங்க. புடிக்காதவங்க கமிட்டியில எழுதிக் குடுங்க, என் பேரப் போட்டு."

முணுமுணுப்பு இருந்தது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மணியண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். அவர் வாய் மூடினதை முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

மறு ஓட்டம் தொடங்கியது. கார்கள் பிடித்துக்கொண்டன, பழைய சத்தம் திரும்ப வந்தது. கடைசிப் பிரிவில் ஒரு லேன் காலியாக இருந்தது. ஸ்டெல்லா அக்கா எழுந்து வந்து கண்ட்ரோலரை மாட்டினார்.

"நீங்க ஓட வேண்டியதில்லக்கா."

"தெரியும். சும்மா உக்காந்திருக்க போரடிக்குது."

அவருக்கு மட்டும் கணக்கில் சேராத ஓட்டம். ஆனால் மண்டபத்தில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. மணியண்ணனும் அவரும் பக்கத்துப் பக்கத்து லேன். மணியண்ணன் நேர்க்கோட்டில் பிடிப்பார், அக்கா வளைவில் பிடிப்பார். கடைசியில் மணியண்ணன் இரண்டு கார் நீளத்தில் ஜெயித்தார், சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார், இரண்டாவது சீட்டும் அவருக்குத்தான். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்காவின் நேரம்? போன மாதம் என்னவோ அதேதான். காலையில் ஆறு சுற்றில் ஜெயித்த கார், மாலையில் இரண்டு கார் நீளத்தில் தோற்ற கார், இரண்டும் ஒரே கார், ஒரே ஓட்டம். நேரங்களை எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரையில் போட்டேன். அதற்குப் பிறகு காந்தம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

மணியண்ணன் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. அவர் அந்த ரகம் இல்லை. பெட்டிகளை எல்லாம் கட்டும்போது அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார்.

"அக்கா, உங்க கார்ல ஸ்க்ரூ எவ்வளவு லூசு?"

"உன்னவிடக் கம்மிதான்."

அவர் சிரித்துவிட்டு அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் போனார். அக்கா தடுக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் இல்லை, அது எனக்கு வெட்கமாக இருந்தது, வாசலில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "கூட்டத்துலதான தொறந்த, அப்ப அங்க கேட்டிருக்கணும்," என்றார். பிறகு, "போ, சாப்பிட்டியா?" என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். நல்லாத்தான் இருந்தது, பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே, ஒரு கார் மட்டும் நன்றாக ஓடுகிறது என்று யாராவது கத்தினால், ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். போன மாத நேரத்தை எடுங்கள். மாறியது எது என்று பாருங்கள். அப்படியும் ஒரு காரைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் பதினாறையும் திறங்கள், உங்கள் காரிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த வருடம் பூசை வைக்கலாம், தாராளமாக. பொட்டு மேல்கூட்டில்.

வேறு என்ன? நான்காவது லேனில் மூன்றாவது மூட்டு தூக்கிக்கொண்டிருக்கிறது, அதை இந்த வாரமே

இருங்கள், மணியண்ணன் கூப்பிடுகிறார். ஜொகூர் போகும் எங்கள் வேன் வழியில் ஆயர் குரோவில் எண்ணெய் போட நிற்கிறது, ஸ்டெல்லா அக்கா முன் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.